ரயில்பூச்சிக்கு வந்த பரிசு

பரிசு கொடுக்கிறோம் என்று டென்மார்க்கிலிருந்து போன் செய்த வெள்ளைக்காரம்மாவிடம் என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்று குழவிக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கல்லை அவர் தலையில் போடாமல் இருந்ததற்கு ஒரே காரணம், அந்த நிமிஷம் எனக்கு விஷயம் புரியவில்லை.

காந்திபுரத்தில் டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகிற சந்தில் எனக்கு ஒரு கிரைண்டர் கடை. நாச்சியம்மாள் கிரைண்டர்ஸ் என்று என் பேரிலேயே போர்டு வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் தம்பிதுரை கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் அன்னூர்ப் பக்கம். வீட்டுக்கு போன் கேட்டு எழுதிப்போட்டு வருஷக்கணக்கில் காத்துக்கிடந்தோம். அதனால் யார் நம்பர் கேட்டாலும் அவர் என் கடை நம்பரைத்தான் கொடுப்பார். பூச்சி சம்பந்தமாக எந்தப் பைத்தியக்காரன் கூப்பிட்டாலும் கிரைண்டர் வாங்க வந்தவர்களை நிறுத்திவிட்டு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

அவருடைய பூச்சி எது என்று சொல்லிவிடுகிறேன். மரவட்டை. மழை பெய்தால் சுவரோரமாக வரிசைகட்டிப் போகுமே, இங்கிலீஷில் மில்லிபீட் என்பார்களே, சின்னப் பிள்ளைகள் ரயில்பூச்சி என்று சொல்லிக் குச்சியால் தொட்டால் சுருண்டுகொள்ளுமே, அதுவேதான். அதற்கு ஏகப்பட்ட கால். அத்தனை காலும் ஒன்றோடொன்று தட்டாமல் அலை மாதிரி எப்படி நடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இவர் வேலை. ஊசிமுனையில் சுண்ணாம்பைத் தொட்டு ஒவ்வொரு காலுக்கும் பொட்டு வைப்பார். பெண்ணுக்கு அலங்காரம் செய்கிற மாதிரி அப்படி ஒரு பொறுமை. பிறகு அதை நடக்கவிட்டுப் படம் எடுப்பார். பின்னால் இருக்கிற காலைத் தூக்கின பிறகுதான் முன்னால் இருக்கிற காலைத் தூக்குமாம். நடுவில் நாலைந்து கால் ஒடிந்துபோயிருந்தாலும் அலை அந்த இடத்தைத் தாண்டிப்போய் அடுத்த காலைப் பிடித்துக்கொள்ளுமாம். ஒடிந்த இடத்தை அது எப்படித் தாண்டுகிறது என்று இவர் எழுதினதை இங்கே யாரும் படிக்கவில்லை. இங்கிலாந்தில் ஹார்வுட் என்று ஒரு புரபசர் படித்தார்.

இங்கே எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். “ஏனுங் மாப்ள, இதுல மருந்து கிருந்து ஏதாச்சும் கெடைக்குங்களா?” இல்லை என்பார். “வெள்ளாமைக்கு ஒதவுங்களா?” இல்லை என்பார். “அப்பறம் எதுக்குங்க?” என்பார்கள். இவர் சிரிப்பார். எனக்கு மரவட்டையைக் கண்டாலே உடம்பு கூசும், அது வேறு விஷயம். ஆனால் என் முன்னால் யாராவது இவரை அப்படிக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “உங்க பையன் கிரிக்கெட் பாக்கறானே, அது வெள்ளாமைக்கு ஒதவுதுங்களா?” என்று கேட்டு சொந்தம், ஒறம்பரை என்று எல்லா வீடுகளிலும் பெயரைக் கெடுத்துக்கொண்டவள் நான்.

அந்த வருஷம் பேச்சு கேள்வியோடு நிற்கவில்லை. கல்லூரிக்குப் புதிதாக ஒரு பிரின்சிபால் வந்திருந்தார், மெட்ராஸ்காரர். எங்கே பார்த்தாலும் கம்ப்யூட்டர் கோர்ஸ் என்று பேச்சாக இருந்த காலம். அவருக்கு ஓர் அறை தேவைப்பட்டது. இவருடைய மரவட்டைத் தொட்டிகள் இருந்த அறை வடக்குப் பார்த்த அறை, வெயில் படாது, எப்போதும் குளுகுளுவென்று இருக்கும். பூச்சிக்கு எது நல்லதோ அதுவே கம்ப்யூட்டருக்கும் நல்லதாம். “இந்த அறையை எடுத்துக்கலாமா தம்பிதுரை?” என்று பிரின்சிபால் கேட்டிருக்கிறார். இவர், “அதுக்கென்னங்க சார், தாராளமா எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

எங்கள் பக்கத்து ஆளாக இருந்தால் அந்தத் ‘தாராளமா’வைக் கேட்டதும், ஐயோ பாவம், மனுஷனுக்கு மனசே இல்லை என்று புரிந்துகொண்டு வேறு அறை தேடியிருப்பார். மெட்ராஸ்காரர் மறுநாளே டேப்பு கொண்டுவந்து அளந்துவிட்டார்.

அன்றைக்கு நானே போய் பிரின்சிபாலிடம் சண்டை போட்டேன். அவரும் கெட்ட மனுஷர் இல்லை. “அம்மா, இது ஆராய்ச்சிதான்னு வெளியில பெரிய இடத்துல யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் அந்த அறைப் பக்கமே வரலை. சொல்லலைன்னா தை மாசம் காலி பண்ணிக் குடுத்திடுங்க” என்றார். தை மாசத்துக் காற்றில் வெளியே விட்டால் அந்தப் பூச்சிகள் காய்ந்து செத்துப்போகும். தலைமுறை தலைமுறையாக அந்தத் தொட்டிகளிலேயே பிறந்து வளர்ந்தவை. இவர் ஞாயிற்றுக்கிழமையும் போய் அந்த அறையில் உட்கார்ந்துவிட்டு வருவார். வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது.

இந்த நிலைமையில்தான் ஐப்பசி மாசத்து மத்தியானம் ஒன்றில் என் கடை போன் அடித்தது. எடுத்தால் ஒரே இரைச்சல். நடுவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல் ‘தாம்பிடுராய்’ என்றது. அன்றைக்கு லீவு நாள், இவரும் கடையில்தான் இருந்தார். ரிசீவரை வாங்கினார், காதில் வைத்தார், எழுந்து நின்றுகொண்டார். மரியாதைப்பட்ட யாராவது போனில் பேசினால் நின்றுகொண்டுதான் பேசுவார். அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது தெரியாது என்று எத்தனை தரம் சொன்னாலும் கேட்க மாட்டார்.

அந்தம்மா ஏதோ நீளமாகச் சொன்னாள். இவர் முகம் சிவந்தது. “ஐயோ, நோ நோ, மேடம்! வொய் ஆல் திஸ் ட்ரபிள்?” என்றார்.

அவள் மறுபடி ஏதோ கேட்டாள். “தேர் ஆர் மெனி பிக் பீப்பிள், மேடம். வொய் மீ?” என்றார்.

பிறகு அவள் மெதுவாக ஏதோ கேட்டாள். இவர் நெளிந்துகொண்டே, “ப்ளீஸ் கிவ் இட் டு சம் டிசர்விங் பெர்சன்” என்றார். அந்தம்மா இன்னும் இரண்டு வார்த்தை சொன்னாள். இவர் “தேங்க்யூ, தேங்க்யூ” என்று போனுக்கு ஒரு கும்பிடு போட்டு வைத்துவிட்டார். முகமெல்லாம் பூரிப்பு.

“யாருங்க?” என்றேன்.

“டென்மார்க்குல இருந்து கண்ணு. வெஸ்டர்ஹோம் பரிசுன்னு ஒண்ணு. இந்த வருசம் எனக்குக் குடுக்கறாங்களாம்.”

அது என்ன பரிசு என்று அவரே விளக்கினார். வெஸ்டர்ஹோம் என்று ஒரு மனுஷர் சட்டைப் பொத்தான் செய்தே பெரிய பணக்காரர் ஆனாராம். பொத்தானை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அறுந்து விழுந்தால்தான் தேடுவார்கள் என்பது அவருடைய வருத்தம். அதனால் உலகத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத துறைகளில் அடிப்படை ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கென்றே ஒரு பரிசு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதனால் என்ன பிரயோசனம் என்று பரிசுக் குழுவில் யாரும் வாயைத் திறந்து கேட்கக் கூடாதாம், உயிலிலேயே எழுதிவைத்திருக்கிறாராம். அந்த மகராசன் நல்லா இருக்கட்டும் என்று நான் வடக்குப் பார்த்துக் கும்பிட்டேன்.

“அப்ப அறை தப்பிச்சுதுங்க! சரீன்னு சொல்லிப்போட்டீங்கதானே?”

“எடுத்தவொடனே எப்படிக் கண்ணு சரீங்கறது? நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க? வேண்டாமுங்கன்னேன்.”

“எத்தன தரம்?”

“மூணு தரம் கேட்டாங்க. மூணு தரமும் பக்குவமாத்தான் சொன்னேன்.”

“கடைசியா அந்தம்மா என்ன சொன்னா?”

“என்னோட முடிவை மதிக்கறாங்களாம். ரொம்பத் தங்கமான மனுசி. நாளைக்கு மறுபடி கூப்பிடுவாங்க பாரு.”

வெளியூர்க்காரர்கள் இதைப் படித்தால் இவருக்குப் பைத்தியமோ என்று நினைப்பீர்கள். பைத்தியமில்லை. எங்கள் சீமையில் அப்படித்தான். வீட்டுக்கு வந்தவரிடம் காப்பி குடிக்கிறீர்களா என்றால், “இப்பத்தானுங்க குடிச்சுப்போட்டு வாரேன்” என்பார். குடித்திருக்கவே மாட்டார். நமக்கும் அது தெரியும். “கொஞ்சமாச்சும் குடிங்க” என்று நாம் வற்புறுத்த வேண்டும், அவர் மறுபடி மறுக்க வேண்டும், அப்புறம்தான் டம்ளரைக் கையில் வாங்குவார். முதல் தரமே வாங்கிக்கொண்டால் காணாததைக் கண்டவன் என்று பெயர். முதல் தரத்தோடு விட்டுவிட்டால் கொடுக்க மனசில்லாதவன் என்று பெயர். இரண்டு பக்கமும் சேர்ந்து ஆடினால்தான் அந்த ஆட்டம் சரியாக வரும். என்னையே இவர் மூன்றாம் தரத்தில்தான் ஒப்புக்கொண்டார்; டென்மார்க் பரிசுக்கு அது போதாது என்று நினைத்திருப்பார். பொண்ணு பிடிச்சிருக்குதா என்று என்னைப் பெற்ற ஐயன் கேட்டதற்கு, “அதுக்கு இப்ப என்னங்க அவசரம்” என்றார். மறுபடி கேட்டதற்கு, “எனக்கு என்னங்க தகுதி” என்றார். மூன்றாம் தரம், “உங்க இஷ்டமுங்க” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். ஐயன் உள்ளே வந்து எங்கள் ஆத்தாளிடம், “பையன் உசுரையே விடறான்” என்றார்.

ஐயனுக்குப் புரிந்தது. டென்மார்க்காரிக்கு எப்படிப் புரியும்?

“அடக் கெரகமே!” என்று நான் கத்தின கத்தலில் எதிர்க்கடை மிக்ஸிக்காரர் எட்டிப் பார்த்தார். “அவங்க ஊர்ல வேண்டாம்னா வேண்டாமுங்க! மதிக்கறேன்னு சொன்னா முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தமுங்க! மெட்ராஸ்காரர்கிட்டத் தாராளமான்னு சொல்லி அறையைக் குடுத்தீங்க. இப்ப டென்மார்க்காரிகிட்ட வேண்டாமுங்கன்னு சொல்லிப் பரிசைக் குடுத்துப்போட்டீங்க. அப்படியே என்னையும் யாருக்காச்சும் தாராளமாக் குடுத்துருங்க!”

“சும்மா இரு கண்ணு. அத்தனை தூரத்துல இருந்து கூப்பிட்டவங்க அப்படியா விட்டுப்போடுவாங்க?”

விட்டுவிட்டார்கள். மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கடையில் போன் அடித்தபோதெல்லாம் நான் பாய்ந்து எடுத்தேன், எல்லாம் பெல்ட் அறுந்துபோச்சு, மோட்டார் சுற்றவில்லை என்கிற விவகாரம்தான். ‘ஏனுங்’ என்று எவன் ஆரம்பித்தாலும் எரிந்து விழுந்தேன். சாயங்காலமானால் இவர் கடைக்கு வந்து போனைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். நாளாக ஆக அந்தப் பூரிப்பு வடிந்துபோனது. ஒருநாள் அவராகவே, “பழைய செருப்புப் பெட்டி இருந்தா எடுத்து வெய்யி கண்ணு. ஒரு பத்துப் பூச்சியையாவது ஊட்டுல வெச்சுக்கலாம்” என்றார். நான் பரணில் ஏறித் தேடி எடுத்துக் கொடுத்தேன். மரவட்டையை வீட்டுக்குள் விடுவதா என்று ஒரு வார்த்தைகூடச் சண்டை போடவில்லை, பாருங்கள்.

சண்டை போடாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. விடிந்ததும் சொன்னேன்: “ஹார்வுட்டைக் கூப்பிடுங்க.”

இவர் பெயரை அந்தப் பரிசுக்கு எழுதி அனுப்பினதே ஹார்வுட்தான் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை மரவட்டை பார்க்க அன்னூருக்கே வந்திருந்தார். தோட்டத்து வீட்டில் இலை போட்டுச் சாப்பாடு. இரண்டாம் முறை சோறு வைக்கப்போனபோது மனுஷர் ‘நோ தேங்க்யூ’ என்றார். வெட்கப்படுகிறார் என்று என் மாமியார் ஒரு கரண்டி வைத்தார். அவர் இன்னும் பலமாக ‘நோ’ என்றார். ரொம்ப வெட்கப்படுகிறார் என்று இரண்டு கரண்டி வைத்தார். கடைசியில் இலையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டார், அந்தக் கைமேலேயே ரசம் ஊற்றப்பட்டது. எங்கள் ஊர் ‘வேண்டாம்’ எப்படிப்பட்டது என்று பட்டுத் தெரிந்துகொண்ட ஒரே வெள்ளைக்காரர் அவர்தான்.

என் கடை போனில் வெளிநாட்டுக்கு அழைக்க முடியாது. சந்து முனையில் அக்பர் அலி பாயுடைய எஸ்டிடி, ஐஎஸ்டி பூத்துக்குப் போனோம். ஒருவர் நிற்கிற கண்ணாடிக் கூண்டில் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். இவர் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் ஹார்வுட் சிரிக்கிற சிரிப்பு எனக்கே கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது.

இவர் போனை வைத்துவிட்டுச் சொன்னார்: “மறுத்துட்டேன்னுதான் எழுதி வெச்சிருக்காங்களாம். வெள்ளிக்கிழமை கூட்டம். எனக்கு அடுத்தபடியா இருக்கறவருக்குக் குடுத்துருவாங்களாம். அவரு பாசி ஆராய்ச்சி. அதுக்குள்ள நானே கூப்பிட்டு என் வாயால வேணும்னு சொன்னா, எனக்கே தந்துருவாங்களாம். நம்ம வழக்கத்தையும் அவங்ககிட்ட எடுத்துச் சொல்லி வெக்கறேங்கறாரு.”

“ஒரே ஒரு வார்த்தை. சொல்லிருவீங்கதானே?”

இவர் பாய்க்குக் காசை எண்ணிக் கொடுக்கப் போய்விட்டார். மனுஷர் பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அன்று ராத்திரியே பயிற்சியை ஆரம்பித்தேன். தோசைக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, “இன்னொண்ணு வேணுங்களா?” என்றேன்.

“இருந்தா வெய்யி. இல்லீன்னாப் பரவாயில்ல.”

“அப்படிச் சொல்லக் கூடாதுங்க. வேணும்னு சொல்லுங்க.”

“நீ சாப்பிட்டியா?”

“கேள்விக்குப் பதில்!”

“வேண்... ம்... வெச்சாச் சாப்பிடறேன்.”

நான் வைக்கவில்லை. அன்றைக்கு அரை வயிற்றோடு எழுந்துபோனார், பாவம். மறுநாள் காலையில் பட்டினி தாங்காமல் “வேணும்” என்றார், பல்லைப் பிடுங்கினாற்போல் முகம். நான் தட்டு நிறைய வைத்தேன். சாயங்காலம் ‘யெஸ், ஐ அக்செப்ட்’ என்பதைச் சொல்லிப் பழக்கினேன். முன்னால் ஒரு வார்த்தை கூடாது, பின்னால் ஒரு வார்த்தை கூடாது, ‘உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா’ என்று எதையும் ஒட்டவைக்கக் கூடாது. கல்லூரி அறையில் தொட்டிகளுக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாராம், நன்றாக வந்ததாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் நல்ல மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே பாய் பூத்துக்கு ஓடினோம். அங்கே டென்மார்க்கில் அப்போதுதான் மத்தியானமாம். இவர் நம்பரைச் சுழற்றினார். கூண்டுக்குள் இரண்டு பேர் மூச்சும் சேர்ந்து கண்ணாடி மங்கிப்போயிற்று. அந்த அம்மாவே எடுத்தாள். ரிசீவரில் நானும் காதை ஒட்டி வைத்துக்கொண்டேன். இவர் மழையைப் பற்றி ஆரம்பித்தார். இடுப்பில் ஒரு கிள்ளுக் கிள்ளினேன்.

அவள் கேட்டாள்: பரிசை ஏற்றுக்கொள்கிறீர்களா?

“யெஸ், ஐ அக்செப்ட்” என்றார். கடித்துத் துப்பினமாதிரி இருந்தாலும் சொல்லிவிட்டார். எனக்குக் கூண்டுக்குள் இடமிருந்தால் குதித்திருப்பேன்.

அந்தப் பக்கம் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அவள் மறுபடியும் கேட்டாள்: உண்மையாகவே ஏற்றுக்கொள்கிறீர்களா?

இவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். “யெஸ்” என்றார், குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

மூன்றாம் தரமும் கேட்டாள்.

நடந்தது இதுதான். எங்களுக்கு அது பிற்பாடுதான் தெரிந்தது. ஹார்வுட் சொன்னபடியே எங்கள் வழக்கத்தை எடுத்துச் சொல்லிவிட்டார். அந்த ஊரில் முதல் இரண்டு பதிலைக் கணக்கில் எடுக்காதே, மூன்றாம் தரம் என்ன சொல்கிறார்களோ அதுதான் நிஜம் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் புண்ணியவதியும் எங்களை மதித்து, ஒழுங்காக மூன்று தரம் கேட்கிறாள். இது தெரியாத என் வீட்டுக்காரர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, “கண்ணு, மறுபடியும் கேக்கறாங்க” என்றார். முகம் செத்துப்போயிருந்தது.

“மறுபடியும் யெஸ்னு சொல்லுங்க!”

“எப்படிக் கண்ணு? பந்தியில ஒருத்தர் ‘இன்னும் வேணுங்களா, இன்னும் வேணுங்களா’ன்னு கேட்டுக்கிட்டே நின்னா, சட்டியில இல்லீன்னு அர்த்தம். நாமளாத்தான் எந்திரிச்சுக்கோணும். இவங்களுக்கு அந்தப் பாசிக்காரருக்குக் குடுக்கோணும்னு இருக்குது. வாய்விட்டுச் சொல்ல முடியாமத் தவிக்கறாங்க. பாவம், அவரும் எத்தன வருசமாப் பாசியையே பாத்துக்கிட்டு இருக்காரோ. நான் விட்டுக் குடுத்தர்றேன்.”

ரிசீவரிலிருந்து கையை எடுத்தார். உதடு ‘நோ’ என்று குவிந்தது.

“எனக்கு வேணுங்க” என்றேன்.

கத்தவில்லை. கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தேன், குரல் வேறு மாதிரி வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார்.

“உங்களுக்கு வேண்டாம், சரி. எனக்கு வேணும். கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து எனக்கு வேணும். ஒறம்பரைக ஊட்டுல, பூச்சிக்குக் கால் எண்ணி முடிஞ்சுதுங்களான்னு கேட்டுச் சிரிக்கறப்ப, நீங்களும் கூடச் சேந்து சிரிச்சுப்போடுவீங்க. நான் சண்டை போட்டுட்டு உள்ள போய் நின்னு அழுவேன். உங்களுக்கு அது தெரியாது. அந்த அறையை விட்டுப்போட்டு நீங்க ஊட்டுல வந்து ஒக்காந்து, பரவாயில்ல பரவாயில்லன்னு சிரிக்கறதை என்னால பாக்க முடியாது மாமா. எனக்கு வேணும்.”

ரிசீவரில் அந்தம்மா “ஹலோ? ஹலோ?” என்றாள். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. பூச்சியை மட்டும்தான் அப்படிப் பார்ப்பார்.

“யெஸ், மேடம்” என்றார். “வீ வாண்ட் இட்.”

‘வீ’ என்றால் யார் என்று அவள் கேட்டாள். பரிசு ஒருவருக்குத்தான் அல்லவா.

“மை வொய்ஃப், மேடம். ஷீ டஸ் நாட் லைக் மில்லிபீட்ஸ். பட் ஷீ வாண்ட்ஸ் இட்.” ஒரு மூச்சு விட்டார். “ஐ ஆல்சோ வாண்ட் இட், மேடம். வெரி மச். ப்ளீஸ் டோன்ட் ஆஸ்க் எகெய்ன்.”

அந்த இங்கிலீஷ் எனக்கு முழுக்கப் புரிந்தது.

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். கேட்க வேண்டியதில்லை, எழுதிவிட்டேன் என்றாள். மூன்று தரம் கேட்டது எதற்கென்று அவளே சொன்னாள். இவர் அதைக் கேட்டு ‘ஓ’ என்றார், அப்புறம் இன்னொரு ‘ஓ’ என்றார். நாளைக்கே கல்லூரி பிரின்சிபாலுக்கு நேராக ஃபேக்ஸ் அனுப்புகிறார்களாம். நம்பரைச் சொல்லிவிட்டு ரிசீவரை மெதுவாக வைத்தார். நான் புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். நிறுத்தவே முடியவில்லை. இவர் என் தோளைத் தொட வந்தார், கூண்டில் கையை நீட்ட இடமில்லாமல் கண்ணாடிக் கதவைத்தான் இடித்துக்கொண்டார்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தோம். என் முகத்தைப் பார்த்ததும் அக்பர் அலி பாய் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். அந்தக் கூண்டிலிருந்து அழுதுகொண்டு வருகிறவர்கள் எதற்காக அழுவார்கள் என்று அவருக்குத் தெரியும். நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு, “யாருங்கம்மா தவறிட்டாங்க?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“யாரும் தவறலைங்க பாய்” என்றேன். “இவரு வேணும்னு சொல்லிப்போட்டாருங்க.”